ஆலைக் கூடத்தில் சாப்பாட்டு மேசை

மும்பை லோயர் பரேலில் வேலை பார்க்கிற யாரிடமாவது "ராத்திரி எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கமலா மில்ஸ், தோடி மில்ஸ், ரகுவன்ஷி மில்ஸ், மதுராதாஸ் மில்ஸ், ஃபீனிக்ஸ் மில்ஸ் என்று ஏதாவது ஒரு 'மில்ஸ்' பதிலில் வந்தே தீரும். 'மீல்ஸ் ரெடி' போர்டு பார்த்துச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. ஒரு நெடில் குறிலானதும் ஊரே மாறிவிடுகிறது.

இந்த வளாகங்கள் எல்லாம் ஒரு காலத்தில் பஞ்சாலைகள். இன்று அங்கே ஒரு கதிரும் சுற்றவில்லை, ஒரு தறியும் ஓடவில்லை. பழைய கூடங்களிலும், அவற்றை ஒட்டிப் பின்னால் எழுந்த கட்டடங்களிலும் உணவகங்கள், மதுக்கூடங்கள், விளம்பர நிறுவனங்கள், தொலைக்காட்சி அலுவலகங்கள். போன முறை மும்பை போனபோது அப்படியொரு பழைய கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். (பெயர் வேண்டாம், எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.) பூசாத செங்கல் சுவர், கறுப்புச் சாயம் அடித்த இரும்புத் தூண், தலைக்கு மேலே வெளியே தெரிகிற குழாய்கள், நீளமான மர மேசை. சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்று கேள்விகள் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன. ஆலை எப்படி இவ்வளவு சுலபமாக உணவகம் ஆகிறது? இடித்துக் கட்டினால் கோடிகள் கொட்டும் ஊரில் இந்தக் கூடம் மட்டும் ஏன் தப்பித்தது? நமக்கு முன்னால் இங்கே சாப்பிட்டவர்கள் யார், என்ன சாப்பிட்டார்கள், யார் சமைத்துப் போட்டார்கள்?

முதல் இரண்டுக்கும் புத்தகங்களில் பதில் கிடைக்கிறது. மூன்றாவதுதான் என்னை அதிகம் இழுத்தடித்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூடம் ஏன் இப்படி இருக்கிறது

பம்பாயின் முதல் பஞ்சாலையை 1854-ல் காவஸ்ஜி நானாபாய் தாவர் தொடங்கினார். அதன் பின் வந்த ஆலைகளுக்குக் கட்டட மாதிரி, இயந்திரம் இரண்டுமே பெரும்பாலும் லங்காஷயரிலிருந்து வந்தவை. அந்த மாதிரிக்கு ஒரு கணக்கு உண்டு.

ஆரம்பத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரே ஒரு நீராவி இயந்திரம். அது ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். கூரைக்குக் கீழே கூடத்தின் நீளத்துக்கு ஓடும் அந்தத் தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். அதனால்தான் கூரை உயரம். தண்டைத் தாங்க வேண்டும் என்பதால் தூண்கள் ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்கின்றன. நடுவில் குறுக்குச் சுவர் கிடையாது. மேசை போடுகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன? பழைய கூடம் எதற்காவது போனால் தூணின் மேல் பக்கத்தைப் பாருங்கள். சில இடங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கை ஒன்று இன்னும் இருக்கும். அலங்காரம் இல்லை, தண்டு உட்கார்ந்த இடம்.

அடுத்தது கூரை. நெசவுக் கூடங்களின் கூரை ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி, அது வடக்கே பார்த்திருக்கும். வடக்கு வெளிச்சம் நேர் வெயில் இல்லாமல் சீராக வரும். அறுந்த இழையைக் கண்டுபிடிக்க அந்த வெளிச்சம் வேண்டும். இன்று அதே வெளிச்சத்தில் தட்டைப் படம் பிடித்தால் நிழல் விழாமல் அழகாக வருகிறது. உணவகக்காரர் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, நூறு வருஷம் முன்பே யாரோ கட்டி வைத்துவிட்டார்கள்.

சன்னல் விஷயம் நேர் எதிர். காற்று உலர்ந்தால் நூல் அறும். கடலோர ஈரக் காற்று பம்பாய்க்கு ஒரு அனுகூலம். அது போதாது என்று சன்னலைச் சாத்தி, உள்ளே நீராவி விட்டு ஈரத்தைக் கூட்டுவார்கள். வெப்பம், ஈரம், மிதக்கும் பஞ்சுத் தூசி மூன்றையும் சேர்த்து மூச்சில் இழுத்துக்கொண்டு ஒரு ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும். பஞ்சுத் தூசியால் நுரையீரல் இறுகும் நோய்க்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது, பிஸினோசிஸ். இன்று அதே கூடத்தில் குளிர்சாதனம் ஓடுகிறது. நூலுக்குக் கிடைத்த கவனிப்பு இப்போது ஆளுக்குக் கிடைக்கிறது என்று சொல்லலாம், ஆனால் ஆள் வேறு.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரி உணவகங்களில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. காரணம் சுலபம். ஒரு அறையில் எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது இரண்டைப் பொறுத்தது: அறையின் கொள்ளளவு கூடக் கூட எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக் கூடக் குறையும். ஹார்வர்டில் சேபின் என்ற இயற்பியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கணக்காக எழுதி வைத்தார். ஆலைக் கூடம் மிகப் பெரியது. செங்கல், இரும்பு, சிமெண்ட், கண்ணாடி எதுவும் ஒலியை உறிஞ்சாது. சத்தம் கூடியதும் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம், பக்கத்து மேசையும் உயர்த்துகிறது. லங்காஷயர் தறிக் கூடங்களில் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்ளப் பழகினார்கள். நானும் அன்றைக்குப் பாதி உரையாடலை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஆலைக்குள் சாப்பாடு: எச்சில் கணக்கு

ஆலைக் கூடத்தில் சாப்பிடுவது புதிது ஒன்றும் இல்லை. டப்பாவைத் திறந்து இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட தலைமுறைகள் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டம்தான் இதற்கு நாடு முழுக்க ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டு அறை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக்கூடாது, இடைவேளை குறைந்தது அரை மணி. ஒரு பிடி சோற்றை நிதானமாகச் சாப்பிடும் உரிமை இப்படி எண்களாக எழுதப்பட்டது.

அந்த உரிமை கேட்டு வந்ததுதான். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று பலர் கருதுவது இதைத்தான். அங்கே எழுந்த முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. ஓடிப்போய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டியிருந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாறு ஒரு சாப்பாட்டு நேரத் தகராறிலிருந்து கிளம்புகிறது என்று சொன்னால் மிகை இல்லை.

நேரம் ஒரு பிரச்சினை என்றால், யாரோடு யார் சாப்பிடுவது என்பது இன்னொன்று. பம்பாய் ஆலைகளில் தலித் தொழிலாளர்களை நூற்புப் பிரிவில் சேர்த்துக்கொள்வார்கள். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். வாசல் மூடப்பட்டதற்குச் சொன்ன காரணம் ஒரு துளை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததும் புதுக் கண்டு மாட்டி, நூல் நுனியைச் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். வாயை வைத்து உறிஞ்சினால்தான் வேகமாக வரும். ஒரே நாடாவில் பலரும் வாய் வைக்க வேண்டியிருக்கும். அதாவது எச்சில். தலித் ஒருவர் வாய் வைத்ததில் நாங்கள் வைக்க மாட்டோம் என்றார்கள் மற்றவர்கள். குடிதண்ணீர்ப் பானையும் தனி.

1928-ன் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைச் சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்தார். வர்க்க ஒற்றுமை பேசுகிற இடத்தில் நெசவுப் பிரிவின் கதவு எங்கள் ஆட்களுக்கு ஏன் சாத்தியிருக்கிறது என்பதுதான் சாரம். கோரிக்கைப் பட்டியலில் அது தயக்கத்தோடுதான் இடம்பிடித்தது.

இன்று அதே மாதிரிக் கூடத்தில் நீள மேசை போட்டு, முன்பின் தெரியாதவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். 'பகிர்ந்து உண்ணும் தட்டு' என்று மெனுவில் ஒரு பக்கமே இருக்கிறது. நல்ல விஷயம்தான். அந்தச் சுவருக்கு இந்தக் காட்சி எவ்வளவு புதிது என்பதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் இன்னும் நல்லது.

கானாவள்

இப்போது என்னை இழுத்தடித்த கேள்விக்கு வருகிறேன். ஆலைக்கு வெளியே இவர்களுக்கு யார் சோறு போட்டார்கள்?

பரேல், லால்பாக், வொர்லி, பைக்குல்லா வட்டாரத்துக்கு மராத்தியில் 'கிரண்காவ்' என்று பெயர். ஆலையூர். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கொங்கணக் கரையின் ரத்னகிரி, மேற்கு மகாராஷ்டிரத்தின் சதாரா, கோலாப்பூர் பக்கத்திலிருந்து வந்த ஆண்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இங்கே 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர். ஷிப்டு முறை என்பதால் ஒருவர் எழுந்து போன பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். அந்த அறையில் சமைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அவர்களுக்குச் சாப்பாடு போட்டது கானாவள். உணவகம் என்று சொன்னால் தப்பான படம் மனதில் வரும். பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் மனைவியோ, கணவனை இழந்தவரோ தன் ஒற்றை அறையில் அடுப்பு வைத்துப் பத்திருபது பேருக்கு இரண்டு வேளை ஆக்கிப் போடுவார். பேரேடு ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்க்கப்படும். பாக்ரி என்கிற தடித்த சோள அல்லது அரிசி ரொட்டி, சோறு, பருப்பு, பயறுக் குழம்பு, கொங்கண ஆட்கள் என்றால் கருவாடு. நம்மூர் மெஸ்ஸுக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. ஆனால் மெஸ் ஒரு கடை. கானாவள் வீட்டுக்குள் நடந்த தொழில். அதனால் அது வேலை என்றே யார் கணக்கிலும் வரவில்லை.

இதன் பொருளாதாரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் இன்றைக்கே வாங்க வேண்டும், காசு மாதக் கடைசியில். நடுவில் இருக்கிற முப்பது நாளை யார் தாங்குவது? சமைக்கிற பெண்தான். எப்படி? வட்டிக்கு வாங்கி, தாலியை அடகு வைத்து. ஆலை முதலாளி குறைந்த கூலி கொடுத்து ஆளை ஓட்ட முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த ஆளின் வயிற்றை இன்னொருத்தி கடன் வாங்கி நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆலையின் கணக்குப் புத்தகத்தில் பஞ்சு விலை இருக்கும், நிலக்கரி விலை இருக்கும், இந்த வட்டி இருக்காது.

வேலைநிறுத்தம் வந்தால் இன்னும் மோசம். சம்பளம் நின்றால் கானாவள் பாக்கியும் நிற்கும். இந்த நிலைமையைப் பார்த்துத்தான் தொழிற்சங்க ஊழியர் பிரேமா புராவ் 1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். கானாவள் நடத்தும் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் உத்தரவாதம் கொடுக்க வைத்து, தேசிய வங்கிகளில் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். சுயஉதவிக் குழு, நுண்கடன் என்ற சொற்கள் இங்கே பரவலாகப் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது இது.

1982

1982 ஜனவரி 18. மருத்துவராக இருந்து தொழிற்சங்கத் தலைவரான தத்தா சாமந்தின் தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பேர். கூலி உயர்வு, போனஸ், பதிலித் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவது ஆகியவற்றோடு இன்னொன்றும் முக்கியம்: 1946 பம்பாய் தொழிலுறவுச் சட்டத்தின்படி ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பேச்சுவார்த்தை உரிமை, அதை மாற்ற வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. முறைப்படி முடித்துக்கொள்வதாக யாரும் அறிவிக்கவே இல்லை, கரைந்துபோனது. ஆலை முதலாளிகளில் பலருக்குத் துணியைவிட ஆலை நின்ற நிலம் மதிப்பானதாகத் தெரிய ஆரம்பித்த காலம் அது. விசைத்தறிக்கு ஆர்டர் ஏற்கெனவே பிவண்டி பக்கம் போய்க்கொண்டிருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் வடா பாவ் வண்டி போட்டார்கள். பல வீடுகளில் பெண்கள் சப்பாத்தி, காய் விற்று வீட்டை ஓட்டினார்கள். ஆலை போன பிறகும் ஆலையூரைச் சாப்பாடுதான் காப்பாற்றியது.

அதே 1982-ல் நியூயார்க்கில் ஷரன் சூக்கின் என்ற சமூகவியலாளர் 'லாஃப்ட் லிவிங்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். சோஹோ பகுதியின் காலியான தொழிற்கூடங்களில் முதலில் ஓவியர்கள் குடியேற, அது மோஸ்தராக மாறி, நில விலை ஏறி, கடைசியில் ஓவியர்களே வெளியேற நேர்ந்ததை அது விளக்குகிறது. பூசாத செங்கல்லும் தெரிகிற குழாயும் வசதியின் அடையாளம் ஆன கதை. மும்பை உணவகத்தின் தோற்றம் மும்பை ஆலையின் நினைவிலிருந்து வந்தது என்பதைவிட, சோஹோவிலிருந்து சுற்றி வந்தது என்பதே சரி. அதனால்தான் பெர்லினிலும் பெங்களூரிலும் அதே கறுப்புத் தூண், அதே மஞ்சள் பல்பு. ஆலையே இல்லாத இடத்தில்கூடப் புதுச் சுவரைக் கொத்திச் செங்கல்லை வெளியே காட்டுகிறார்கள்.

கூடத்தைக் காப்பாற்றியது ரசனையா, விதியா?

இரண்டாவது கேள்விக்கான பதில் கொஞ்சம் வறண்டது, ஆனால் முக்கியம். மும்பையின் ஆலை நிலம் மொத்தம் சுமார் 600 ஏக்கர், நகரத்தின் நட்டநடுவில். 1991-ல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 இப்படிச் சொன்னது: ஆலை நிலத்தை மறுவளர்ச்சிக்கு எடுத்தால் மூன்று பங்கு. ஒன்று நகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒன்று வீட்டுவசதி வாரியத்துக்கு, ஒன்று உரிமையாளருக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் இன்னொரு வரி இருந்தது. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை இடிக்காமல் வேறு பயன்பாட்டுக்கு, வணிகத்துக்கும்கூட, மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பகுதிக்கு நிலப் பங்கீடு கிடையாது. இப்போது உரிமையாளர் இடத்தில் நின்று பாருங்கள். இடித்தால் மூன்றில் இரண்டு பங்கு கையை விட்டுப் போகும். இடிக்காமல் உள்ளே வெள்ளையடித்து வாடகைக்கு விட்டால் எதுவும் போகாது. 90-களின் கடைசியில் ஃபீனிக்ஸ் மில்ஸ் வளாகத்துக்குள் பௌலிங் விளையாட்டுக்கூடமும் கடைகளும் உணவகங்களும் வந்தன. பழைய கூடங்கள் ஒவ்வொன்றாக விளக்கு பெற்றன. நாம் ரசிக்கிற செங்கல் சுவரில் ரசனைக்கு ஒரு பங்கு, இந்தக் கணக்குக்கு ஒரு பங்கு.

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் 1996-ல் அரசு ஒரு குழு அமைத்தது. ஆலை நிலங்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்துத் திட்டமிடலாம், பூங்கா, வீடு, நடைபாதை எல்லாம் வரும் என்ற யோசனை அங்கே பேசப்பட்டது. நடக்கவில்லை. 2001-ல் விதி திருத்தப்பட்டது. இனி பங்கீடு ஆலைக்குள் ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டும். கட்டடம் நின்ற இடத்தை இடித்தாலும் பங்கு தர வேண்டாம். ஆலை என்றால் பெரும்பாலும் கட்டடம்தானே. பங்கிடக் கிடைத்தது சொற்பம். வழக்குப் போனது, 2005-ல் உயர்நீதிமன்றம் திருத்தத்துக்கு எதிராகவும், 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஆதரவாகவும் தீர்ப்புச் சொன்னது. இடிக்காமல் இருக்கக் காரணமாக இருந்த கணக்கு மாறியதும் கூடங்கள் மளமளவென்று விழுந்தன. அந்த இடத்தில்தான் இன்றைய கோபுரங்கள் நிற்கின்றன.

வாசல்கள்

ஒரு இடத்தின் பயன்பாடு மாறும்போது உள்ளே வருகிற ஆட்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. வெளியேறும் வழி மாறியதா என்பதை யாரும் கேட்பதில்லை.

2017 செப்டம்பர் 29, காலை நேரம். பரேல், எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையங்களை இணைத்த நடைமேம்பாலத்தின் குறுகலான படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். ஆலையூர் அலுவலக ஊர் ஆகிவிட்டது, படிக்கட்டு பழைய அகலத்திலேயே இருந்தது. மூன்றே மாதத்தில், டிசம்பர் 29 நள்ளிரவு தாண்டி, கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி உணவகங்களில் தீ. 14 பேர் இறந்தார்கள். வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்கள் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஹூக்காவின் கங்கிலிருந்து தீ தொடங்கியதாகத் தீயணைப்புத் துறை விசாரணை சொன்னது. மேலே இருந்த மூடுகூரை சட்டென்று பற்றிக்கொண்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீ பழைய ஆலைக் கூடத்தில் நடக்கவில்லை. அதே வளாகத்தில் பின்னால் வந்த கட்டடத்தின் மாடியில் நடந்தது. பழைய ஆலைகளுக்குத் தீ மீது பயம் அதிகம். பஞ்சு இருக்கிற இடம், ஒரு பொறி போதும். செங்கல் வளைவு, இரும்பு உத்தரம் என்று கட்டியதே அந்தப் பயத்தில். தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிதாகப் பரவியதும் அமெரிக்காவின் பஞ்சாலைகளில்தான், காப்பீட்டு நிறுவனங்களின் நெருக்கடியால். ஆலையின் தோற்றத்தை எடுத்துக்கொண்ட நாம் அந்தப் பயத்தையும் சேர்த்து எடுத்திருக்கலாம்.

மிச்சம்

ஆலை நிலத்தில் தொழிலாளர்களுக்கு வீடு என்று சொன்னதில் ஒரு பகுதி நடந்தது. 2012-ல் குலுக்கல் முறையில் 6,925 வீடுகள் ஒதுக்கினார்கள். விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சம் போல. பிறகு பன்வேல் பக்கம், நகரத்துக்கு வெளியே, இன்னும் கொஞ்சம். பலருடைய பெயரில் இப்போது விண்ணப்பிப்பது பிள்ளைகள்.

லால்பாகில் மசாலா அரைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வறுத்த மிளகாயின் நெடி தெருமுனைக்கே வந்து தும்ம வைக்கும். பரேலிலும் லால்பாகிலும் சின்னச் சின்ன மால்வணி சாப்பாட்டுக் கடைகளில் பாக்ரியும் மீன் குழம்பும் கிடைக்கும். ஆலைக் கூடத்தில் சாப்பிட்ட மறுநாள் மதியம் அப்படியொன்றில் சாப்பிட்டேன். பத்து நிமிஷ நடைதான். ஆலையின் கட்டடம் அங்கே மிஞ்சியது, ஆலையின் சாப்பாடு இங்கே மிஞ்சியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரிகிறது. வரலாற்றுக் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லும்போது பெரும்பாலும் சுவரைத்தான் சொல்கிறோம். உள்ளே வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு பலகையாவது இருக்கும். அவர்களுக்கு ஆக்கிப் போட்டவர்களுக்கு ஒரு பலகையை நான் எங்கும் பார்க்கவில்லை.

இது மும்பையோடு நிற்கிற விஷயம் இல்லை. கோயம்புத்தூர், மதுரை, ராஜபாளையம், பெரம்பூர் என்று நம்மிடம் மில் ஊர்கள் நிறைய. நின்றுபோன மில்லின் கூடம் ஒன்று நாளை உங்கள் ஊரிலும் மஞ்சள் பல்பு போட்டுத் திறக்கலாம். போங்கள், சாப்பிடுங்கள். உட்காரும் முன் வெளியேறும் வாசல் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். தூணின் மேலே இரும்புக் கை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ மில் ஆட்களுக்குச் சாப்பாடு போட்ட அம்மாவோ பாட்டியோ இருந்தால், ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: எத்தனை பேருக்கு, என்ன குழம்பு, மாதம் எவ்வளவு, ஸ்ட்ரைக் வந்த மாதம் பாக்கியை யார் கட்டினார்கள். ஆலையின் வரவுசெலவுப் புத்தகத்தில் இல்லாத பக்கங்கள் அவை. சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எண்பது வயதைத் தாண்டியிருக்கும்.